இண்டைக்கு அஞ்சு

ஐயர் இருந்தார். ஐயரைக் காரில் ஏற்றி வந்த டக்சிக்காரர் இருந்தார். எள்ளும் தர்ப்பையும் கொண்டு வந்த கடைக்காரர் இருந்தார். அக்கா இருந்தார், மரத்தின் கீழ், சாப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். அண்ணை ஈர வேட்டியோடு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். நான் கரையில் நின்றேன். என் கையில் அண்ணையின் போன் இருந்தது.

ஜேர்மனியில் எசனுக்குப் பக்கத்தில், ரூர் ஆற்றங்கரை. ஞாயிற்றுக்கிழமை. அண்ணையின் அப்பா யாழ்ப்பாணத்தில் செத்து முப்பத்தோராம் நாள்.

அண்ணை என்று கூப்பிடுவேனே தவிர எனக்குச் சொந்தமில்லை. அக்கா அவருடைய மனைவி. அண்ணையின் பெயரை எழுதவில்லை. பெயரில்தான் பிழை நடந்தது.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய் ஏழு வருடம். கிழமையில் மூன்று நாள், நாலு மணித்தியாலம் மிசினில் கிடப்பார். அது இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பி உள்ளே விடும். அதில் நெடுங்காலம் ஓடாது. வேறு கிட்னி கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு லிஸ்ட் இருக்கிறது. முறை வந்தால் ஆஸ்பத்திரியில் இருந்து போன் வரும். காலையிலும் வரலாம், சாமத்திலும் வரலாம். ஆள் கிடைக்காவிட்டால் கிட்னி அடுத்தவருக்குப் போகும்.

அதனால் அவர் போனைக் கையால் கீழே வைத்ததில்லை. அதன் சத்தத்தை நிறுத்தியதும் இல்லை. கோயிலுக்குள் பூசை நடக்கும்போதும் அது தவில் மாதிரி அடிக்கும். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு ஐயர்தான் சொன்னார். "போனோட தண்ணிக்குள்ள இறங்கேலாது."

அண்ணை என்னிடம் நீட்டினார். "அடிச்சா எடு. ஆரெண்டு கேள். என்னட்டக் கொண்டு ஓடி வா."

"ஓம் அண்ணை."

எனக்குத் தந்த வேலை அவ்வளவுதான்.

எங்களுக்குப் போனில் ஒரு குரூப் இருந்தது. எசன் பொடியள் என்று பெயர். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பெயரை மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அதில் அண்ணையின் கடிதம் விழும். நான் ஒன்றை அப்படியே எழுதுகிறேன். இது எனக்கு மனப்பாடம்.

"இண்டைக்கு அஞ்சு.

ஒண்டு, சிரிப்பு: சுவிசில ஒரு மாடு லிஃப்டில ஏறி மூண்டாம் மாடிக்குப் போயிட்டுது. லிங்க் கீழ. பட்டனை அமத்தினது ஆரெண்டு வீடியோவில இல்லை.

ரெண்டு, விளையாட்டு: நேற்றுத் தோத்ததுக்குக் கோல் கீப்பர்தான் காரணம். அவனுக்கு ஒரு வேலைதான். அதையும் செய்யேலாட்டி வீட்டை போகவேணும்.

மூண்டு, படம்: புதுப்படம் பாத்தன். கதாநாயகன் முப்பது பேரை அடிக்கிறான், தலைமயிர் கலையேல்லை. என்ன எண்ணெய் எண்டு கடைசியிலயாவது சொல்லியிருக்கலாம்.

நாலு, ஆருக்கும் உதவாதது: கணவாய்க்கு மூண்டு இதயம். அடுத்த முறை கறி வைக்கேக்க எண்ணிப் பாருங்கோ.

அஞ்சு, கேள்வி: பித்தப்பை இல்லாம ஓடித்திரியிற மிருகம் எது? விடை நாளைக்கு."

விடை குதிரை.

டக்சிக்காரர் ஒவ்வொரு நாளும் சண்டைக்கு வருவார். "உம்மை ஒருக்கா கோலுக்க விட்டுப் பாக்கவேணும்" என்று எழுதுவார். அண்ணை மசிய மாட்டார். கோல் கீப்பர் விசயத்தில் அவருக்கு ஒரே கதைதான். பிழை கீப்பரில். சொன்னதை ஒருநாளும் திருப்பி எடுக்க மாட்டார். குரூப்பில் மற்றவர்கள் எழுதிவிட்டு அழிப்பார்கள். அவர் அழித்ததில்லை. தன் போனில் மட்டும் எல்லாவற்றையும் அழிப்பார். அனுப்பினதும் அழித்துவிடுவார். போன் நிரம்பினால் அடிக்காமல் போய்விடும் என்று பயம்.

இதை ஏன் தொடங்கினீர்கள் என்று ஒருதரம் கேட்டேன்.

"போன் கையில இருக்கவேணும் எண்டு சொல்லிப் போட்டாங்கள். சும்மா எப்பிடிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது?" என்றார்.

ஒரு நாளைக்கு ஐந்து விசயம் சொல்வார். ஐந்தில் ஒன்றும் அவரைப் பற்றி இருக்காது. கடையில் கண்டு, "எப்பிடி அண்ணை சுகம்?" என்று யாராவது கேட்டால், "நத்தைக்கு ஆயிரக்கணக்கில பல்லு இருக்காம், தெரியுமோ?" என்பார். கேட்ட ஆள் நத்தையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போய்விடும். அவர் குளிர்பெட்டிப் பக்கம் நின்று ஒரு ஐஸ்கட்டியை வாயில் போடுவார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம். வாழைப்பழம் கூடாது. தக்காளி கூடாது. கிழங்கை இரண்டு தரம் அவித்து ஊற்ற வேண்டும். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தேன். எசனில் ஒரு பாண் பேக்கரியில் வேலை. எனக்கு வருகிற டொச் கடிதங்களை, ஜேர்மன் மொழிக் கடிதங்களை, அவர்தான் வாசித்துச் சொல்வார். அப்படித்தான் பழக்கம். ஒருதரம் அவசரமான கடிதம் ஒன்று வந்தது. அவர் மிசினில் கிடந்தார். "அங்கயே கொண்டு வா" என்றார். போனேன்.

சாய்கதிரையில் கிடந்தார். இடது கையில் இரண்டு குழாய். சிவப்பாக ஓடியது. வலது கைப் பெருவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். மாட்டு வீடியோ பார்த்தார். என் கடிதத்தையும் வாசித்தார். நேர்ஸ் வந்து, "ஹெர் செல்லத்துரை" என்று கூப்பிட்டு ஏதோ கேட்டாள். ஹெர் என்றால் ஐயா. செல்லத்துரை அவருடைய அப்பா. இங்கே எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார்கள். என்னையும் பேக்கரியில் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள்.

அவள் போனபிறகு அண்ணை சொன்னார். "இந்த நாட்டுக்கு நாங்கள் ஒருத்தரும் வரேல்லை. எங்கட அப்பாமார்தான் அகதியா வந்திருக்கினம். அவையின்ர பேரிலதான் விசா. அவையின்ர பேரிலதான் வருத்தமும்."

நான் சிரித்தேன். என் காதால் கேட்டேன். சிரிக்கவும் செய்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று நான் சொல்லேலாது.

ஆற்றங்கரைக்கு வருகிறேன்.

முதல் போன் கனடாவில் இருந்து வந்தது. "செல்லத்துரையர் மோசம் போயிட்டாராம், இப்பதான் கேள்விப்பட்டம்" என்றார்கள். நான் போனைக் கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். காற்சட்டை நனைந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். இரண்டாவது லண்டன். திரும்பவும் ஓடினேன். மூன்றாவது பாரிஸ்.

"சொந்தக்காரர் எண்டா நீயே கதைச்சு விடு" என்றார் அண்ணை. கையில் பிண்டம் இருந்தது.

"இவன் ஓடுற ஓட்டத்தில செல்லத்துரையர் பயந்து திரும்பப் போகப்போறார்" என்றார் டக்சிக்காரர்.

பிறகு நான் ஓடவில்லை. அடித்தால் எடுத்தேன். ஓம், மோசம் போயிட்டார், ஒரு மாசம் என்றேன். எல்லோரும் ஒரே கேள்வி. எனக்கும் ஒரே பதில்.

எட்டாவது அடித்தது. நம்பர் விழவில்லை. ஊரில் இருந்து எடுக்கிற போனும் சில நேரம் அப்படித்தான் வரும். எடுத்தேன்.

"ஹெர் செல்லத்துரை?" பெண் குரல். டொச்.

எனக்கு டொச் அரைகுறை. ஆனால் அந்த மாதம் ஒரு வசனம் பாடமாக்கியிருந்தேன். அண்ணை வீட்டு வாசலில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தோம். கட்டிடத்து டொச்காரர் ஏறி இறங்கும்போது யாரென்று கேட்பார்கள். நான் சொல்வேன். சரியாகச் சொன்னாய் என்று அக்கா மெச்சினார். அதே வசனத்தைச் சொன்னேன்.

"ஹெர் செல்லத்துரை இஸ்ட் டோட்."

செல்லத்துரை ஐயா செத்துவிட்டார்.

அவள் வேகமாக ஏதோ கேட்டாள். டோட் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. "யா, யா" என்றேன். ஒரு மாதம் என்று டொச்சில் சொன்னேன். பிறகு "மைன் பைலைட்" என்றாள். அனுதாபம் சொல்கிற சொல். அதுவும் அந்த மாதம் படித்ததுதான். "டங்கே" என்று நன்றி சொன்னேன்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். டொச்சில் ஒரு போன் கதைத்து முடித்துவிட்டேன் என்று சந்தோசமாக இருந்தது.

அண்ணை கரையேறி வந்து துவாயால் தலையைத் துடைத்தார். "ஆர் எடுத்தது?"

"எட்டுப் பேர். எல்லாரும் செல்லத்துரை ஐயாவைத்தான் கேட்டவை."

"சரி" என்றார். போனை வாங்கி வேட்டி மடிப்பில் செருகினார். அக்கா எல்லோருக்கும் சோறு போட்டார். அண்ணை ஐஸ்கட்டி சூப்பினார்.

அடுத்த நாள் மத்தியானம் பேக்கரிப் படலையில் ஆள் நிற்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். அண்ணை. திங்கள் அவருக்கு மிசின் நாள். மிசினால் எழும்பினால் நேரே படுக்கைக்குத்தான் போவார். அன்றைக்கு பஸ் ஏறி வந்திருந்தார். கையில் குத்தின இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நேற்று டொச்சில ஒரு போன் வந்ததோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீ?"

சொன்னேன். அந்த வசனத்தை அப்படியே சொன்னேன்.

அவர் மதிலில் சாய்ந்தார். "விடிய மிசினுக்குப் போறன், நேர்ஸ் என்னைக் கண்டிட்டு அழுறா. நான் செத்திட்டன் எண்டு ஆஸ்பத்திரியால கடுதாசி வந்திருக்காம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிட்னி?" என்றேன்.

"அது நேற்றே போயிட்டுது. வேற ஆருக்கோ." பாண் ஏற்றின வான் ஒன்று வெளியே போனது. அது மூலையால் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உன்ர டொச் திருந்திட்டுது. விளங்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாய்."

அவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"அக்காவுக்குச் சொல்லாத" என்றார்.

"அண்ணை…"

"சொல்லாத."

அக்காவுக்கு அவர் வேறு கதை சொன்னார். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது சத்தத்தை நிறுத்தி வைத்தாராம். அப்போது ஆஸ்பத்திரி எடுத்ததாம். தன்னுடைய பிழையாம்.

அக்கா அதை விடவில்லை. நான் போகும் நாளெல்லாம் எனக்கு முன்னால் கேட்பார். "ஏழு வருசம் கோயிலுக்கையே நிப்பாட்டாத மனுசன். அண்டைக்கு மட்டும் ஏன் நிப்பாட்டினவர் எண்டு நீயே கேள் தம்பி. அப்பா எழும்பி வந்து சத்தம் எண்டு சொன்னவரே?"

அண்ணை போனைப் பார்ப்பார். "எறும்புக்குக் காது இல்லை, தெரியுமோ?" என்பார்.

"பார், பார். இந்தக் கூத்துக் குரூப்தான் இவரை அழிச்சது. நீ சாப்பிடு தம்பி."

நான் சாப்பிட்டேன். அக்கா போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அந்தக் கிழமையும் காலை ஏழு மணிக்கு ஐந்து வந்தது. திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது. வியாழன் வந்ததை நான் பேக்கரியில் உடுப்பு மாற்றுகிற அறையில் நின்று வாசித்தேன்.

"ரெண்டு, விளையாட்டு: கோல் கீப்பர் விசயத்தில நான் இவ்வளவு நாளும் சொன்னது பிழை. பந்து பத்துப் பேரைத் தாண்டித்தான் அவனட்ட வருது. அவனை மட்டும் ஏசக்கூடாது."

குரூப் பொங்கியது. "அண்ணைக்குக் காய்ச்சலோ?" என்று டக்சிக்காரர் எழுதினார். "ஆரோ போனைக் களவெடுத்திட்டாங்கள்" என்று கடைக்காரர் எழுதினார். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தான் உயிரோடு இருப்பதாக அவர் ஒரு கடுதாசியில் கையெழுத்து வைத்தார். திரும்ப லிஸ்டில் போட்டார்கள். லிஸ்டில் போடுவது வேறு, கிட்னி வருவது வேறு.

நான் என்னுடையதைத் தாறன் என்றேன்.

"உன்ரயோ? முப்பது வருசம் மா திண்ட கிட்னி. உள்ளுக்க பாண்தான் இருக்கும்" என்றார்.

நானே ஆஸ்பத்திரியில் நாள் கேட்டு, டெர்மின் எடுத்துப் போனேன். அவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார்கள். சிநேகிதர் என்றேன். எவ்வளவு கிட்டின சிநேகிதம் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் டொச் இல்லை. இரத்தம் எடுத்தார்கள். இரண்டு கிழமையால் கூப்பிட்டு, எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, குடுக்கேலாது, உன்னுடையதைக் கவனமாகப் பார் என்றார்கள். திரும்பும் வழியில் எசன் ஸ்டேசனில் மூன்று ரயிலை விட்டுவிட்டு இருந்தேன். ஏற மனம் வரவில்லை. அண்ணைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு சொன்னேன்.

அடுத்த நாள் குரூப்பில் ஐந்து வந்தது. "நாலு, ஆருக்கும் உதவாதது: அமெரிக்காவில ஒரு சின்னக் குருவி தன்ர பாரத்தைவிடக் கூட ஒரு நாளில தேன் குடிக்குதாம். அதுக்குச் சீனி வருத்தம் இல்லை. மற்ற ஆக்கள் தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கோ."

இரண்டு வருடம் போனது. நான் அவருடைய போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தவில் அடித்தால் நெஞ்சு அடித்தது. கனடா. லண்டன். டக்சிக்காரர். ஒருதரமும் அது இல்லை.

ஒருநாள் கடையில் அவரோடு நின்றேன். கையில் போன் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. தவில் அடிக்கவில்லை.

"அண்ணை, போன் சத்தம் போடேல்லை."

"ஓம்."

"பழுதோ?"

"இல்லை. நிப்பாட்டினனான்." ஐஸ்கட்டியை அந்தக் கொடுப்பில் இருந்து இந்தக் கொடுப்புக்கு மாற்றினார். "இதயம் பலவீனமாப் போச்சாம். வெட்டேலாதாம். லிஸ்டால எடுத்துப் போட்டாங்கள்."

கடைக்காரர் அரிசி மூட்டையோடு எங்களுக்கு நடுவில் வந்தார். "என்ன ரெண்டு பேரும் செத்த வீட்டு முகத்தோட? அண்ணை, இண்டைக்குக் கேள்விக்கு விடை என்ன?"

"நாளைக்கு" என்றார் அண்ணை.

கடைக்காரர் போனபிறகு கேட்டேன். "அப்ப இனி ஏன் அண்ணை அனுப்புறீங்கள்?"

"இப்ப சும்மா அனுப்புறன்" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். பியர்ப் போத்தல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னை யாராவது அடித்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது. ஒருவரும் அடிக்கவில்லை.

பிறகு ஐந்து மாதம். கடைசி நாள் ஆஸ்பத்திரியில் இருந்து ஏழு மணிக்கு ஐந்தும் வந்தது. கேள்வி, மூன்று கிட்னி உள்ள ஆள் யார் என்பது. விடை நாளைக்கு என்று போட்டிருந்தார். விடை எனக்குத் தெரியும். மிசின் அறையில் ஒருதரம் சொல்லியிருக்கிறார். கிட்னி மாற்றின ஆள். பழைய இரண்டையும் எடுக்க மாட்டார்கள். புதியதை முன்பக்கம் வைப்பார்கள். அன்று பின்னேரம் அவர் செத்தார். குரூப்பில் விடையை ஒருவரும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அதே ஆற்றங்கரையில் நடந்தது. இந்தமுறை என்னிடம் ஒருவரும் போனைத் தரவில்லை. அடுத்த கிழமை அக்கா கூப்பிட்டார். மேசையில் அண்ணையின் போன் இருந்தது.

"இதில டொச்சில ஏதும் கடுதாசி கிடக்கோ எண்டு பார் தம்பி. எனக்கு விளங்காது."

"எனக்கும் விளங்காது அக்கா."

"என்னைவிட உனக்கு விளங்கும்."

திறந்தேன். மாடு இல்லை. கணவாய் இல்லை. எல்லாம் அழித்திருந்தார். ஒரு படம் மட்டும் இருந்தது. போன் திரையைப் படம் எடுத்தது, வந்த ஒரு போனின் விபரம். நான் மூடப் போனேன்.

"அதென்ன?" அக்கா வாங்கிப் பார்த்தார். "எல்லாத்தையும் அழிக்கிற மனுசன், இதை ஏன் வைச்சிருக்கிறார்? நம்பர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை." திகதியைப் பார்த்தார். "இது மாமாவின்ர முப்பத்தொண்டு."

நான் போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"பன்ரெண்டு நாப்பது. பின்னேரம் எண்டெல்லோ சொன்னவர். பன்ரெண்டு நாப்பதுக்கு நாங்கள் ஆத்தங்கரையில." என்னைப் பார்த்தார். "போன் உன்னட்டையெல்லோ இருந்தது."

"ஓம் அக்கா."

"எடுத்தனியோ?"

"எடுத்தனான்."

"என்ன சொன்னனீ?"

அண்ணை கேட்ட அதே கேள்வி. அந்த வசனத்தைச் சொன்னேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. டொச்சில் சொன்னேன். அக்காவுக்கு விளங்கியது.

அவர் ஏசவில்லை. அழவும் இல்லை. கண்ணாடி போட்டிருக்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். நேரத்துக்குக் கீழே, எவ்வளவு நேரம் கதைத்தது என்று இருந்தது. அதை வாசித்தார்.

இருபத்திமூன்று செக்கன்.